பழுதானால் எந்தப் பக்கம் சாயும்? நிலக்கரி உலைகளின் அளவைக் கருவிகள் பற்றி

கொல்லிமலையின் கிழக்கு அடிவாரத்தில், ஐயாறு மலையைவிட்டு இறங்கித் தரையைத் தொடுகிற இடத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. விடுமுறை நாட்களில் குளிக்க வருகிற கூட்டத்தைக் கழித்துவிட்டால் தோப்பும் வயலும் கிணற்று மோட்டாரும்தான் ஊர். ஆனால் தமிழ்நாட்டு வரைபடத்தில் இந்த ஊரின்மேல் விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தால் நிலக்கரித் தொழிலின் மூன்று முக்கியமான இடங்கள் தெரியும். தெற்கே, இதே திருச்சி மாவட்டத்தில், திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை. செக்கோஸ்லோவாக்கியாவின் துணையோடு கட்டப்பட்டு 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. வடமேற்கே மேட்டூர் அனல் மின் நிலையம். அங்கே 210 மெகாவாட் அலகுகள் நான்கு, 2013-இல் சேர்ந்த 600 மெகாவாட் அலகு ஒன்று. கிழக்கே நெய்வேலி. 1962 முதல் பழுப்பு நிலக்கரியைத் தோண்டிய இடத்திலேயே எரித்து மின்சாரம் எடுக்கிற ஊர் அது.

கொதிகலன் செய்கிறவர்களுக்கும், வாங்கி ஓட்டுகிறவர்களுக்கும், பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிகிற, உள்ளே எவரும் போக முடியாத ஒரு தீயை எதைக் கொண்டு அறிகிறோம், எதைக் கொண்டு ஆள்கிறோம்? கருவிகளின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் கிடைக்கும். எவ்வளவு துல்லியமாக அளக்கும் என்பது விற்பவரின் கையேட்டில் இருக்கும். ஒவ்வொரு கருவியிடமும் நான் கேட்க விரும்புவது வேறு: நீ பழுதானால் எந்தப் பக்கம் சாய்வாய்? ஆபத்தைக் காட்டுகிற பக்கமா, மறைக்கிற பக்கமா? இந்தக் கேள்வியோடு உலையிலிருந்து புகைபோக்கியின் உச்சிவரை போய்ப் பார்த்தால், நம்பத்தக்கவை எவை, நம்பத் தகாதவை எவை, ஏன் அப்படி என்பதெல்லாம் விளங்கிவிடுகிறது.

முதல் கருவி கண்தான். இன்றும் ஒவ்வொரு கொதிகலனின் சுவரிலும் பார்வைத் துளைகள் இருக்கின்றன. பீப் ஹோல் என்பார்கள். கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். தீ கண்ணைப் பறிக்கிற வெண்மஞ்சளாக இருந்தால் காற்று தாராளமாக இருக்கிறது. மங்கிய செம்மஞ்சளாகி நுனியில் கருமை படர்ந்தால் காற்று போதவில்லை. விறகடுப்பு ஊதிய எந்த வீட்டிலும் இந்த அறிவு உண்டு. உலைக்குள் அழுத்தத்தை வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைவாக, நீர்மட்டக் கணக்கில் ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் கீழே வைத்திருப்பார்கள். அதனால் துளையைத் திறந்தால் காற்று உள்ளே இழுக்கும். ஒரு கணம் அழுத்தம் மாறினாலும் நெருப்பு வெளியே பாயும். அதனால்தான் துளைக்கு நேரே நிற்காதே, பக்கவாட்டில் நின்று திற என்று புதிதாக வருபவருக்குச் சொல்லித் தருகிறார்கள்.

கண்ணுக்கு அடுத்து வேதியியல் வந்தது. ஆர்சாட் கருவியில் புகைவாயுவின் ஒரு மாதிரியை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குள் செலுத்தினால் கார்பன் டையாக்சைடு கரைந்துவிடும். அடுத்த குழாயில் பைரோகலால் ஆக்சிஜனை உறிஞ்சும். எவ்வளவு கன அளவு குறைந்தது என்பதே விடை. கல்லூரி ஆய்வகத்தில் பலரும் கையாண்ட கருவி இது. பொறுமை வேண்டும், ஆனால் பொய் சொல்லாது. வெளியே நின்று புகையை மதிப்பிட, 1888-இல் பாரிஸில் மாக்ஸிமிலியன் ரிங்கல்மன் சாம்பல் நிறக் கட்டங்கள் கொண்ட அட்டை ஒன்றை உருவாக்கினார். புகையின் கருமையை அட்டையோடு ஒப்பிட்டு எண் சொல்ல வேண்டும். பிறகு வந்தது 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம். அழுத்தமானி, நீர்மட்டக் கண்ணாடி, பாதுகாப்பு வால்வு என்று அதன் கவனமெல்லாம் நீராவிப் பக்கத்திலேயே இருந்தது. 2025-இல் அந்த இடத்துக்குப் புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் தீயின் பக்கத்தில் என்ன அளக்கப்பட வேண்டும் என்பது பெரும்பாலும் பொறியாளர் சமூகத்தின் பழக்கமாகவும் நியமமாகவுமே வளர்ந்திருக்கிறது.

தீயின் பக்கத்தில் தலையாயது ஆக்சிஜன். கணக்குப்படி தேவையான காற்றை மட்டும் கொடுத்தால் கரித்தூள் முழுக்க எரியாது. ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல், வெளியேறும் வாயுவில் மூன்றரை விழுக்காடு ஆக்சிஜனாக எஞ்சி நிற்கும். அதற்குமேல் போனால் வேண்டாத காற்றைச் சுடவைத்துப் புகைபோக்கி வழியே வெளியே விடுகிறோம். கீழே போனால் எரியாத கரி சாம்பலோடு போகிறது. 210 மெகாவாட் அலகு முழுச் சுமையில் ஓடும்போது மணிக்கு எழுநூறு டன்னுக்கு மேல் காற்றை இழுக்கிறது. அத்தனை காற்றுக்கும் கடிவாளம், விரல் நீளமுள்ள ஒரு பீங்கான் குப்பி.

யிட்ரியம் சேர்த்த சிர்கோனியாவால் ஆனது அது. எழுநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ஆக்சிஜன் அயனிகள் அதனூடே நகரத் தொடங்கும். குப்பியின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகைவாயு. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறுபடுவதால் சின்ன மின்னழுத்தம் பிறக்கிறது. 727 டிகிரியில், வாயுவில் ஆக்சிஜன் 3 விழுக்காடு என்றால் சுமார் 42 மில்லிவோல்ட். 4 விழுக்காடு என்றால் சுமார் 36. இந்த ஆறு மில்லிவோல்ட் இடைவெளிக்குள்தான் சிக்கனமும் வீணடிப்பும் அடங்கியிருக்கின்றன. இருபுறமும் வெளிக்காற்றே இருந்தால் மின்னழுத்தம் பூஜ்யம். அளவையின் அடிப்படை எளிமையானது, அழகானது.

ஆனால் இந்தக் கருவியைப் பொருத்துகிற இடம் கொடியது. கொதிகலனுக்குப் போகும் நீரை முன்சூடாக்கும் எகனாமைசருக்குப் பின்னால், பல மீட்டர் அகலமான குழாய்ப்பாதையில், சாம்பல் மணலாய்ப் பறக்கிற வாயுவில் அது நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டுக் கரியில் 35 முதல் 45 விழுக்காடு சாம்பல். வெளியே இழுத்துப் பார்த்தால் வாயு மோதும் பக்கம் உறை பளபளவென்று தேய்ந்திருக்கும். பின்பக்கம் சாம்பல் கல்லாய் ஒட்டியிருக்கும். அந்தப் பாதை முழுவதும் உறிஞ்சழுத்தத்தில் இருப்பதால், எங்காவது விரிவு இணைப்பு கிழிந்தாலும், ஆள்நுழை துளையின் மூடி சரியாக அமராவிட்டாலும், கருவியின் சொந்த கேஸ்கெட் தேய்ந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். உடனே ஆக்சிஜன் அளவு கூடிக் காட்டும். தானியங்கிக் கட்டுப்பாடு ‘காற்று தேவைக்குமேல் இருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு விசிறி தரும் காற்றைக் குறைக்கும். உலைக்குள் தீ மூச்சுத் திணறும்.

அதாவது, இந்தக் கருவி மறைக்கிற பக்கம் சாய்கிறது. அதன் விளைவு திறன் குறைவோடு நிற்பதில்லை. காற்றுக் குறைந்த சூழலில் சாம்பல் வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். உருகிய சாம்பல் குழாய்ச் சுவர்களில் ஒட்டி இறுகிக் கிளிங்கராகும். சுவர்க் குழாய்கள் அரிக்கும். இவ்வளவும் நடக்கும்போது திரையில் 3.5 என்ற எண் அமைதியாக நின்றுகொண்டிருக்கும். நிலக்கரி உலையில் உள்ள கருவிகளில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

இதற்கு மருந்து வேறொரு கருவி: கார்பன் மோனாக்சைடு அளப்பான். அகச்சிவப்பு ஒளியை அந்த வாயு உறிஞ்சுவதைக் கொண்டு அளக்கிறது. வெளிக்காற்று கசிந்தால் அந்த வாயுவின் அடர்த்தி சற்று நீர்த்துப்போகும், அவ்வளவுதான். உலைக்குள் காற்று பஞ்சமானால் அது பல மடங்கு எகிறும், கசிவு அதை மறைத்துவிட முடியாது. ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்து, கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏறினால் எங்கோ கசிவு இருக்கலாம் என்று அர்த்தம். ஒன்று சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மற்றொன்று சாய்கிறபடி இரண்டு கருவிகளைக் கட்டுவது, விலையுயர்ந்த ஒரே கருவியை வாங்குவதைவிட மேல்.

அடுத்து எரிபொருள். மின்வாரியத்தின் நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்ச்சர் வயல்களிலிருந்து பெருமளவு கரி வருகிறது; பாரதீப்பில் கப்பலேறி எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்குகிறது. கடற்கரையில் இல்லாத மேட்டூருக்கு ரயில்தான் வழி. இடையிடையே இறக்குமதிக் கரி கலக்கப்படுகிறது. சாம்பல், ஈரம், வெப்ப மதிப்பு மூன்றும் வேகனுக்கு வேகன் மாறும். ஃபீடர் பெல்ட் கரியை நிறுத்துவிடும். மணிக்கு எத்தனை டன் என்பது தெரியும். அந்த டன்னுக்குள் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பது தெரியாது. ஆய்வகத்தில் பாம் கலோரிமீட்டர் விடை சொல்லும்போது அந்தக் கரி எரிந்து சாம்பலாகியிருக்கும். நியூட்ரான்களைச் செலுத்திக் கன்வேயர் மேலேயே சாம்பலை அளக்கிற கருவிகள் உண்டு. விலை அதிகம், கதிரியக்க மூலம் உள்ளே இருப்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

பொறியாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி அருமையானது. கொதிகலனையே கலோரிமீட்டராக ஆக்கிவிட்டார்கள். இவ்வளவு டன் கரி போட்டேன், இவ்வளவு நீராவி வந்தது, அப்படியானால் கரியின் வெப்பம் இவ்வளவு என்று கட்டுப்பாட்டு அமைப்பு பின்னோக்கிக் கணக்கிட்டு, கரிக்கும் காற்றுக்கும் உள்ள விகிதத்தைத் தானே திருத்திக்கொள்ளும். எரிப்புக் கட்டுப்பாட்டில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. தெரிய வேண்டியதை நேரே அளக்க முடியாமல், விளைவிலிருந்து காரணத்தை ஊகிக்கிறோம்.

ஊகத்துக்கும் எட்டாத ஓர் இடம் இருக்கிறது. மில்லில் கரி அரைபட்டு, 70 விழுக்காடு 75 மைக்ரான் சல்லடையில் இறங்குகிற அளவுக்குத் தூளாகி, காற்றோடு நான்கு குழாய்களில் பிரிந்து உலையின் நான்கு மூலைகளுக்குப் போகிறது. பெல் செய்த 210 மெகாவாட் உலைகளில் நான்கு மூலைகளிலிருந்தும் தீ வந்து நடுவில் சுழல்கிற பந்தாகத் திரளும். நான்கு குழாயிலும் கரி சமமாகப் போனால்தான் பந்து நடுவில் நிற்கும். ஆனால் ஓடும்போது ஒவ்வொரு குழாயிலும் எவ்வளவு தூள் போகிறது என்பதைத் தொடர்ந்து காட்டுகிற ஏற்பாடு நம் பழைய நிலையங்களில் வழக்கமில்லை. அவ்வப்போது கையால் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். நுண்ணலையும் நிலைமின் உணரிகளும் வெளிநாடுகளில் பயன்படுகின்றன. இங்கே மிக அதிகப் பயன் தரக்கூடிய முதலீடு இதுதான் என்பது என் கருத்து. விளம்பரம் பெறுகிற செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களுக்கு முன்னால் இந்த நான்கு குழாய்களை அளக்கக் கற்க வேண்டும். அளக்காத ஒன்றை எந்த மென்பொருளும் திருத்தாது.

நெய்வேலியின் கணக்கு வேறு. பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். உலையிலிருந்தே சூடான வாயுவை இழுத்து வந்து, அரைக்கும்போதே காயவைத்துத்தான் எரிக்கிறார்கள். மழைக்காலத்தில் சுரங்கத்திலிருந்து வரும் கரி இன்னும் கனக்கும். அங்கே இரண்டாம் நிலையத்தின் விரிவாக்கமாக 250 மெகாவாட் அலகுகள் இரண்டில் பெல் கட்டிய சுழல் பாய்மப் படுகைக் கொதிகலன்கள் இருக்கின்றன. தீயைக் கொழுந்தாக எரியவிடாமல், கொதிக்கிற மணலுக்குள் 800 முதல் 900 டிகிரியில் எரிக்கும் முறை. தீக்கொழுந்து இல்லாததால் அங்கே முதன்மையான கருவி, சூட்டை அளக்கும் வெப்ப இணை. மணல் அதன் உறையை அரித்துத் தின்னும். படுகையின் உயரத்தைக் கண்ணால் பார்க்க வழியில்லை. மேலுக்கும் கீழுக்கும் உள்ள அழுத்த வேறுபாடுதான் உயரம். திருச்சியில் பெல் 1980-களின் இறுதியில் 6.2 மெகாவாட் அளவில் கரியை வாயுவாக்கி எரிக்கிற செயல்விளக்க நிலையத்தையும் ஓட்டியது. சாம்பல் மிகுந்த கரிக்கு என்று நம் பொறியாளர்கள் செய்த முயற்சிகளில் அது பெருமைப்படத்தக்கது.

இனிப் பாதுகாப்பு. உலையில் எரியாத கரித்தூளும் காற்றும் சேர்ந்து திடீரென்று பற்றினால் வெடிதான். இதைத் தடுப்பதற்கென்று தனியாக ஒரு தர்க்க அமைப்பு இருக்கிறது, எஃப்.எஸ்.எஸ்.எஸ். என்பார்கள். அலகைப் பற்றவைக்கும்முன் குறைந்தது ஐந்து நிமிடம் காற்றை ஓட்டி உலையைச் சுத்தப்படுத்தியாக வேண்டும். செய்யாமல் அடுத்த படிக்குப் போக விடாது. தீயைப் பார்க்கும் ஸ்கேனர்கள் வெளிச்சத்தை மட்டும் பார்ப்பதில்லை, துடிப்பைப் பார்க்கின்றன. உயிருள்ள கரித்தீ வினாடிக்குப் பல பத்து முறை துடிக்கும். சிவக்கக் காய்ந்த சுவர் துடிக்காமல் ஒளிரும். அந்த வேறுபாட்டைக் கொண்டே ஸ்கேனர், தீ இருக்கிறதா, அணைந்துவிட்டதா என்று சொல்கிறது. அதன் லென்ஸில் சாம்பல் படிந்தால் ‘தீ இல்லை’ என்று சொல்லும், எரிபொருள் நிறுத்தப்படும். அதாவது பழுதானால் ஆபத்தைக் காட்டும் பக்கம் சாய்கிறது. உலை அழுத்தத்துக்கு மூன்று கருவிகள், மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால்தான் டிரிப், அதாவது அலகு தானாக நிற்கும். ஒரு கருவியின் பொய்யால் அலகு நிற்காது. ஒரு கருவி ஊமையானாலும் பாதுகாப்பு போகாது.

சமிக்ஞை அனுப்பும் முறையிலும் இதே சிந்தனை இருக்கிறது. அளவையின் கீழெல்லையை 4 மில்லிஆம்பியர், மேலெல்லையை 20 மில்லிஆம்பியர் என்று வைத்தார்கள். பூஜ்யத்தைக் கீழெல்லையாக வைத்திருந்தால் அறுந்த கம்பியும் வெறும் உலையும் ஒன்றுபோலத் தெரியும். நான்கிலிருந்து தொடங்குவதால், கம்பி அறுந்தால் மின்னோட்டம் நான்குக்குக் கீழே விழும். திரையில் உடனே கோளாறு என்று வரும். இந்த மரபுகளெல்லாம் நம் நாட்டில் வேர்விட, 1964-இல் கோட்டாவில் தொடங்கிய இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் பெரிய காரணம். அனல் மின் நிலையங்களுக்கும் கருவி செய்த அந்த ஆலை 2017-இல் மூடப்பட்டது வருந்தத்தக்கது.

இவ்வளவு கவனமாக அமைக்கப்பட்ட பாதுகாப்பை மனிதர் கையே கழற்ற முடியும். அலகு டிரிப் ஆனால் பல மணி நேர உற்பத்தி போகும், மறுபடி பற்றவைக்க எண்ணெய் எரியும், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். எனவே அடிக்கடி தொந்தரவு கொடுக்கிற சமிக்ஞையை டி.சி.எஸ். என்ற கட்டுப்பாட்டுக் கணினியின் திரையிலேயே ‘ஃபோர்ஸ்’ செய்து, எப்போதும் சரி என்று சொல்லும்படி நிறுத்திவைக்கிற பழக்கம் எந்த நிலையத்திலும் எட்டிப்பார்க்கக்கூடியது. பழைய பேனல்களில் ஜம்பர் கம்பி போடுவார்கள். ஆபத்தைக் காட்டும் பக்கம் சாய்கிற கருவியை மறைக்கும் பக்கம் சாய்க்கிற வேலை இது. எந்தச் சமிக்ஞை, யார் அனுமதியோடு, எத்தனை மணி நேரமாக ஃபோர்ஸில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு ஷிப்டும் கையெழுத்திட்டு அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்க வேண்டும்.

2017 நவம்பர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஊஞ்சாகாரில், என்.டி.பி.சி.யின் புதிய 500 மெகாவாட் அலகில் நடந்தது நாடறிந்தது. உலையின் அடியில் சாம்பல் இறுகி அடைத்துக்கொண்டது. அலகை நிறுத்தாமல், சுமையைக் குறைத்து ஓட்டியபடியே அதை எடுக்க முயன்றபோது, கொதிவாயுவும் சாம்பலும் வெடித்து வெளியே பாய்ந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று ஆறாவது அலகில் விபத்து. இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 1 அன்று, ஐந்தாவது அலகில் இன்னொன்று. அந்த அலகு அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை, மறுபடி இயக்குவதற்கான வேலை நடந்துகொண்டிருந்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள், பிறகு மருத்துவமனையில் மேலும் பலர். இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள், சுற்று வட்டாரக் கிராமத்துக்காரர்கள் இருந்தார்கள்.

இந்த விபத்துகளிலிருந்து கருவிகளைப் பற்றி நான் எடுத்துக்கொள்வது ஒன்று. பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் ஓடுகிற அலகை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தீ எரிகிறதா, அழுத்தம் எவ்வளவு, நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்பவை. அடியில் எவ்வளவு சாம்பல் தேங்கியிருக்கிறது, நின்றுபோன அலகின் மூலைமுடுக்கில் கனன்றுகொண்டிருக்கும் கரி இருக்கிறதா என்று கேட்கிற கருவிகள் மிகக் குறைவு. கிளிங்கர் சேர்வதைக் காட்ட அகச்சிவப்புக் கேமராக்கள், சுவரின் வெப்பப் பாய்வை அளக்கும் உணரிகள், ஒலி உலையைக் கடக்கும் நேரத்தைக் கொண்டு வெப்பத்தை வரைகிற கருவிகள் எல்லாம் சந்தையில் உண்டு. ஓடாத நேரத்தில்தான் ஆட்கள் உலைக்கு மிக அருகில் நிற்கிறார்கள். அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் திரையைப் பார்க்கும் இடத்தில் இல்லாதவர்கள். அவர்களுக்காக ஒரு கருவி வாங்கப்படுமானால் அது முதலில் வாங்கப்பட வேண்டியது.

1939-இல் ஆலை தொடங்கிய, இதே திருச்சி மாவட்டத்து டால்மியாபுரம் முதல் பக்கத்து அரியலூர் மாவட்டம்வரை நீள்கிற சிமென்ட் வட்டாரத்தில் கரி வேறு விதமாக எரிகிறது. சூளையின் உள்ளே பொருள் 1,450 டிகிரிவரை போகும். சிமென்ட் தொழிலில் ஒரு சிக்கல் எனக்கு எப்போதும் யோசனை தருகிறது. தூசியைப் பிடிக்கும் நிலைமின் வீழ்படிவிக்குள் பொறி பறக்கும். எனவே வாயுவில் கார்பன் மோனாக்சைடு எல்லை மீறினால், வெடித்துவிடாமல் இருக்க அதன் மின்சாரம் தானாக நிறுத்தப்படும். நிறுத்தினால் தூசி அப்படியே புகைபோக்கி வழியே ஊருக்குள் போகும். ஆலைக்குள் இருப்பவரைக் காக்கிற கருவி வெளியே இருப்பவர்மேல் தூசியைக் கொட்டுகிறது. இரண்டையும் காக்க ஒரே வழி, அந்த வாயு எல்லையைத் தொடாதபடி எரிப்பை முன்கூட்டியே சரிப்படுத்துவது. அதற்கு அளப்பான் விரைவாகவும் சரியாகவும் சொல்ல வேண்டும்.

கடைசியாகப் புகைபோக்கி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தொடர் அளவைக் கருவிகளைப் பொருத்தி நேரடியாகத் தரவு அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அந்தத் தரவு சென்னை கிண்டியில் உள்ள மாநில வாரியத்தின் கேர் ஏர் மையத்துக்கு வருகிறது. 2015 டிசம்பர் 7-இன் அறிவிக்கை அனல் மின் நிலையங்களுக்குப் புதிய எல்லைகளை வகுத்தது. 2003 வரை நிறுவப்பட்ட அலகுகளுக்குத் துகள் ஒரு கன மீட்டருக்கு 100 மில்லிகிராம், 2017 முதல் வருபவற்றுக்கு 30. கந்தக டையாக்சைடுக்கான கெடு தள்ளிக்கொண்டே போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவி தேவையில்லை என்று ஆனது. அந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எல்லை எதுவாக இருந்தாலும் அளவு உண்மையாக இருந்தால்தான் அதைப் பற்றி வாதிடவே முடியும்.

புகைபோக்கிக் கருவிகள் பழுதானால் எந்தப் பக்கம் சாய்கின்றன? கந்தக டையாக்சைடை அளக்க, வாயுவைச் சூடாக்கப்பட்ட நீண்ட குழாய் வழியே தரைக்குக் கொண்டு வருகிறார்கள். குழாயின் சூடேற்றி நின்றுவிட்டால் வாயுவில் உள்ள நீராவி குளிர்ந்து துளியாகும். கந்தக டையாக்சைடு அந்தத் துளியில் கரைந்துவிடும். அளப்பானுக்கு வந்து சேர்வது சுத்தமான வாயு. இணைப்பு தளர்ந்தால் வெளிக்காற்று கலந்து அளவு குறையும். துகளை ஒளியின் சிதறலால் அளக்கும் கருவிக்கு ஒளி என்ன காட்டுகிறது என்பது மட்டும் தெரியும். அதை மில்லிகிராமாக மாற்ற, வடிதாளில் தூசியைப் பிடித்து நிறுத்து ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டுக் கெழுவை யார் எப்போது போட்டார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. கரி மாறினால், துகளின் அளவு மாறினால் கெழுவும் மாற வேண்டும்.

ஆக, உலைக்குள் பெரும்பாலான கருவிகள் ஆபத்தைக் காட்டும் பக்கம் சாய்கின்றன, புகைபோக்கியில் பெரும்பாலானவை மறைக்கும் பக்கம் சாய்கின்றன. இதற்கு இயற்பியல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. உலைக் கருவி தவறினால் நட்டம் ஆலைக்கு. அதனால் ஆலை அதற்கு மூன்று வைத்து, இரண்டின் பேச்சைக் கேட்கிறது. புகைபோக்கிக் கருவி தவறினால் நட்டம் வெளியே இருக்கிறவருக்கு. அங்கே ஒன்றே போதும் என்றாகிவிடுகிறது. கருவியை வாங்குபவர், பராமரிப்பவர், அளவுத்திருத்தம் செய்ய ஆள் அமர்த்திப் பணம் கொடுப்பவர் எல்லாரும் அளக்கப்படுகிறவரே. 2019-இல் தேசிய இயற்பியல் ஆய்வகம் இக்கருவிகளுக்குச் சான்றளிக்கும் அமைப்பாக நியமிக்கப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால் சான்று கருவி பிறக்கும்போது கிடைக்கிறது. பழுது அது வாழும்போது வருகிறது.

மாற்ற முடியும் என்பதற்குக் குஜராத்தில் சான்று இருக்கிறது. எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயான் ஆகியோர் அங்கே செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. மாசுத் தணிக்கையாளரை ஆலையே தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கும் முறையை மாற்றி, பொது நிதியிலிருந்து சம்பளம் கொடுத்து, குலுக்கல் முறையில் ஆலைகளை ஒதுக்கி, சிலவற்றை மறுசோதனை செய்தார்கள். தணிக்கையாளர்கள் உண்மையை எழுதத் தொடங்கினார்கள். ஆலைகளும் மாசைக் குறைத்தன. பிறகு 2019-இல் சூரத்தில், கரி எரிக்கும் ஜவுளி ஆலைகள் நிறைந்த பகுதியில், தொடர் அளவைக் கருவிகளின் அடிப்படையில் துகள் மாசுக்கான அனுமதிச் சந்தை தொடங்கியது. முன்னூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஆய்வில் இருந்தன; சந்தைக்குள் வந்த ஆலைகளின் மாசு 20 முதல் 30 விழுக்காடு குறைந்தது. கருவி சொல்கிற எண்ணில் பணம் தொங்கும்போது, தரவு வராமல் போனால் அது ஆலைக்கே இழப்பாகும்படி விதி அமைத்தால், கருவி சாயும் பக்கம் மாறுகிறது. கரூரிலும் ஈரோட்டிலும் பெருந்துறையிலும் கொதிகலன் வைத்திருக்கிற நம் ஜவுளி ஆலைகளுக்கு இது அப்படியே பொருந்தும்.

இப்போது இன்னொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிவிட்டதால், பகலில் அனல் அலகுகள் சுமையைக் குறைத்து மாலையில் ஏற்ற வேண்டியிருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, கரி அலகுகள் 40 விழுக்காடு சுமைவரை இறங்கி ஓடப் பழக வேண்டும் என்கிறது. மேட்டூரின் பழைய அலகுகள் எப்போதும் முழுச் சுமையில் ஓடுவதற்கென்று வடிவமைக்கப்பட்டவை. குறைந்த சுமையில் தீ நடுங்கும், ஸ்கேனர் அதைப் பார்த்துத் தயங்கும், வாயுப் பாதையின் இடத்திலும் வலத்திலும் ஆக்சிஜன் வேறு வேறாகும், நான்கு குழாய்களின் ஏற்றத்தாழ்வு பெரிதாகும். முழுச் சுமையில் பொறுத்துக்கொள்ளப்பட்ட அளவைக் குறைகள் எல்லாம் அங்கே வெளியே வரும். எரிப்பைத் தாங்க எண்ணெயை ஊற்றிச் சமாளிப்பதா, கருவிகளைச் சீராக்குவதா என்பது ஒவ்வொரு நிலையத்தின் கருவிப் பிரிவில், சி அண்ட் ஐ என்று அழைக்கப்படுகிற அந்தச் சிறிய குழுவில்தான் தீர்மானமாகும். சாம்பல் புழுக்கத்தில் மேடையேறி உணரியை இழுத்துத் துடைத்து, சோதனை வாயுவைச் செலுத்திப் பார்க்கிறவர்கள் அவர்கள். அந்தப் பணியிடங்களைக் காலியாக விடாமல் நிரப்புவதும், சோதனை வாயு உருளைகளைத் தீரும்முன் வாங்கி வைப்பதும், ஒவ்வொரு அளவுத்திருத்தத்தின் தேதியையும் முடிவையும் கேர் ஏர் மையத்தின் எண்களுக்குப் பக்கத்திலேயே பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுவதும் இந்த ஆண்டே செய்யக்கூடியவை.